தண்ணீர் வராத நாளில் திறந்த குழாய்

மொக்ரானின் பாட்டுகளில் வரும் கொட்டு என்ன கொட்டு என்று பெஜாயா ஊரில் ரொம்பப் பேர் கேட்டுவிட்டார்கள். ஆட்டுத்தோல் கட்டிய கைப்பறை என்றார்கள் சிலர். கித்தார்ப் பலகையை உள்ளங்கையால் தட்டியிருக்கிறான் என்றார்கள் வேறு சிலர். அது ரவை மாவு. வர்தியா மாவு உருண்டையை மரத்தட்டில் போட்டு, ஒரு கையால் தட்டைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் தட்டித் தட்டி வட்டமாக்குகிற சத்தம். ஒரு ரொட்டிக்கு முப்பது, முப்பத்தைந்து தட்டு விழும். அந்தத் தொகுப்பின் ஆறாவது பாட்டின் நடுவில் அந்தத் தட்டு நின்றுபோகும். எதற்கு நின்றது என்று ரொம்ப நாள்வரை தெரிந்திருந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். அதில் ஒருவன் மண்ணுக்குள் போய்விட்டான்.

வர்தியா மல்ஹாவின் மூத்த மகள். மல்ஹா அக்ஃபாது காட்டு ஓரத்து ஊர்க்காரி. அவளுடைய அப்பன் கார்க் மரத்துப் பட்டை உரிக்கப் போனவர், அண்ணன்மார் இரண்டு பேரும் மார்ஸெய்ல் போய் அங்கேயே குடும்பம் ஆனவர்கள். மல்ஹாவை பெலைதுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வர்தியாவுக்கு அப்புறம் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. அப்புறம் பிறந்தவன் மொக்ரான். அவனுக்கு நாலு வயசில் மல்ஹா போய்ச் சேர்ந்தாள். வர்தியாவுக்கு அப்போது பன்னிரண்டு. அந்த வருஷத்தோடு அவளுடைய பள்ளிக்கூட நோட்டு நின்றது. பெலைத் அடுத்த வசந்தத்திலேயே ஃபெரூஜாவைக் கட்டிக்கொண்டு வந்தார். ஃபெரூஜா கெட்டவள் இல்லை. அவளுக்கு வரிசையாக மூன்று பிறந்தன, அவளுக்கு அதைப் பார்க்கவே சரியாக இருந்தது. மொக்ரானுக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி "அக்கா" என்றுதான் கூப்பிடுவான்.

இருபது வயசில் வர்தியாவை பூஸாதுக்குக் கொடுத்தபோது தம்பியும் கூடவே வந்துவிட்டான். மாமியார் வாசலில் நின்று, "பெட்டி ரெண்டு, போர்வை நாலு, பையன் ஒண்ணு. நல்லாத்தான் சீர் குடுத்திருக்காங்க" என்றாள். அந்தப் பேச்சு அந்தக் குடும்பத்தில் ரொம்ப நாள் ஓடியது. மொக்ரானே அதைச் சொல்லிச் சிரிப்பான். "நான் சீர்ல வந்தவன் மாமா, என்னைத் திருப்பிக் குடுக்க முடியாது" என்பான். பூஸாதும் சிரிப்பான். பூஸாத் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் இறக்கும் இடத்தில் காவலுக்கு இருக்கிறான். வாயாடி இல்லை. மச்சானுக்கு முதல் கித்தார் வாங்கிக் கொடுத்தவனே அவன்தான்.

மொக்ரான் பாடினான். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் போகமாட்டான். தன் பாட்டைத் தானே எழுதி, காபிக்கடையிலும் கல்லூரி மரத்தடியிலும் பாடுவான். இருபத்தாறு வயசில் நண்பன் யூபாவோடு சேர்ந்து ஒரு இசைத்தட்டு போட்டான். யூபாவுக்கு டயர்க்கடைக்கு மேலே ஒரு பதிவு அறை உண்டு. டிரம்ஸ், கீபோர்டு, பின்னால் இரண்டு பெண்களின் குரல் எல்லாம் போட்டார்கள். யாரும் வாங்கவில்லை. வர்தியா கேட்டுவிட்டு, "எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற வீடு மாதிரி இருக்குடா. நீ எங்கடா இருக்க இதுல?" என்றாள். அவனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. இரண்டு நாள் சாப்பிட வரவில்லை.

இருபத்தொன்பதில் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. சனி, திங்கள், புதன் ஆஸ்பத்திரி மெஷினில் ரத்தம் கழுவிக்கொண்டு வருவான். "சலவைக்குப் போயிட்டு வரேன்" என்பான். ஊசி குத்துகிற கை இடது கை. கித்தாரில் தந்தியை அழுத்துகிற கையும் அதுதான். கை அழுந்தாததால் லேசான சுரங்களாகப் பார்த்து வாசித்தான். மூச்சு போதாததால் மெதுவாகப் பாடினான். ஆள் சேர்த்து ஒத்திகை பார்க்கத் தெம்பில்லாததால் தனியாகப் பாடினான். ஊரே பிற்பாடு மெச்சிய அந்த எளிமை அப்படி வந்ததுதான்.

ஞாயிறு, செவ்வாய், வியாழன் மத்தியானங்களில் வர்தியாவின் சமையலறைக்கு வருவான். இஹத்தாதென் மேட்டில் இரண்டாம் மாடி வீடு அது. வர்தியா ரொட்டி சுட்டு நாலு மளிகைக் கடைகளுக்குப் போடுகிறவள். ரொட்டிக்கல் காய்வதால் அறை கதகதப்பாக இருக்கும். போனை ஆலிவ் எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்துப் பதிவு செய்வான். அவர்கள் மேட்டுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். வருகிற நாளில் கட்டடம் முழுக்க மோட்டாரும் வாளியும் கத்தலும்தான். அதனால் தண்ணீர் வராத நாளாகப் பார்த்துத்தான் பாடுவான்.

"நான் தட்டுறதை நிறுத்தட்டுமாடா?"

"நிறுத்தாத. நான் உன் தட்டுக்குத்தான் பாடுறேன்."

"கடைக்காரன் ரொட்டி கேப்பான், உன் பாட்டையா கேப்பான்."

"அதான் சொல்றேன், நீ தட்டு."

அந்த எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு காகிதம் இருந்தது.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு டாக்டர்கள் ரத்த சொந்தங்களைத்தான் கேட்டார்கள். பெலைத் வயசாளி. ஃபெரூஜாவின் பிள்ளைகளில் ஒருவனுக்குப் பொருந்தவில்லை, மற்ற இருவர் சோதனைக்கே வரவில்லை. வர்தியாவுக்குப் பொருந்தியது. "இதை விட நல்லாப் பொருந்தாது" என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்த காகிதம் அது. பிப்ரவரி மாதம் வாங்கினாள்.

பூஸாத் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அதை இப்போது யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அவன் சொல்லவில்லை. "குடு. உன் தம்பி. வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த மூணு பிள்ளைங்களுக்கும் யாரு, அதை மட்டும் எனக்குச் சொல்லிட்டுப் போ" என்றான். வர்தியாவே பன்னிரண்டு வயசில் அம்மாவைப் பறிகொடுத்தவள்தானே. அவளுடைய கடைக்குட்டிக்கு அப்போது நாலு வயசு.

நோன்பு முடியட்டும் என்றாள். நோன்பு முடிந்தது. மூத்தவள் சிலியாவின் பெரிய பரீட்சை முடியட்டும் என்றாள். சிலியா நல்ல மார்க்கில் தேறினாள். வெயில் தணியட்டும், வெயிலில் காயம் ஆறாது என்றாள். வெயிலும் தணிந்தது. ஊரில் ஆலிவ் பறிக்க ஆள் இல்லை, அதை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். மொக்ரான் ஒவ்வொரு முறையும், "ஆமாக்கா, அதைப் பாரு மொதல்ல" என்றான்.

ஒரே ஒரு தடவைதான் கேட்டான். டிசம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். பேருந்துத் தடத்தை எடுத்துவிட்டது தெரியாமல் நிறுத்தத்தில் நிற்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு அது. இரண்டாம் அடி பாடி முடித்துத் தந்திமேல் கையை வைத்து நிறுத்தினான்.

"அக்கா."

"ம்."

"அந்தக் காகிதத்தை என்ன பண்ணப் போற?"

தட்டு நின்றது. வர்தியாவின் கை மாவிலேயே இருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை, கித்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எழுந்து கை கழுவப் போகிறவள் போலப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வராத நாள் என்பதே மறந்துபோயிற்று. குழாய் கிறீச்சென்றது. காற்றை உள்ளே இழுத்து, யாரோ தொண்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறமாதிரி கர்ர் என்றது. அப்புறம் ஒன்றும் இல்லை.

மொக்ரான் லேசாகச் சிரித்தான். "இன்னைக்குத் தண்ணி நாள் இல்லக்கா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கல்லுல ரொட்டி கருகுது பாரு" என்றான். பிறகு மூன்றாம் அடியைப் பாடினான். அந்த அடி முடியும்வரை வர்தியா மாவைத் தொடவில்லை.

அதன் பிறகு அவன் கேட்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் ஊசி குத்திய இடத்தில் சீழ் வைத்து, ரத்தத்தில் ஏறி, நாலே நாளில் போய்விட்டான். வர்தியா கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "இப்ப இது எதுக்கும்மா?" என்றார்.

நாற்பதாம் நாள் கூஸ்கூஸ் ஆக்கி ஊருக்குப் போட்டார்கள். அது முடிகிறவரை துக்க வீட்டில் பாட்டுப் பேச்சு எடுக்கக்கூடாது என்று யூபா காத்திருந்தான். முடிந்த மூன்றாம் நாள் மொக்ரானின் போனோடு வந்தான். உள்ளே இருபத்து மூன்று பாட்டுகள் இருந்தன.

"வர்தியாக்கா, பதினொண்ணு பொறுக்கியிருக்கேன், ஒரு எக்கோ கூடச் சேக்கலை. அப்படியே விடப்போறேன். நாங்க போட்ட பழைய தட்டு இருக்கே, அதுல அவன் பாடுறான். இதுல அவன் இருக்கான். பக்கத்துல உக்காந்திருக்கான்."

"என் சத்தம் எல்லாம் இருக்குமே."

"உன் மாவை எடுத்தா பாட்டு நொண்டிடும். நீ காசு வாங்காத கொட்டுக்காரி." அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. காபியைக் குடித்தான். "உன் குரல் இருக்கிறதால உன்கிட்டக் கேக்கணும். கேட்டுப் பாரு. பிடிக்காததை எடுத்துடலாம்."

அவள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். ஐந்து பாட்டு வரை அழுதுகொண்டே கேட்டாள். ஆறாவதில் அழுகை நின்றுவிட்டது.

"இது வேணாம்."

"எது?"

"ஆறாவது. இல்ல, பாட்டு இருக்கட்டும். நடுவுல பேசுறதை எடுத்துரு."

யூபாவுக்கு அடி விழுந்ததுமாதிரி ஆயிற்று. "ஐயோ அக்கா, அதை எடுத்தா என்ன மிச்சம்? எனக்கு அங்கதான் புல்லரிக்குது. அவன் கேக்குறான், நீ பேசல, அந்தக் குழாய் மூச்சு விடுது. பதினோரு வினாடி. நான் எண்ணிப் பாத்தேன். எத்தனை லட்சம் கொட்டினாலும் ஒரு ஸ்டுடியோவுல இதைச் செய்ய முடியாது. ஏன் வேணாங்கிற? ஏதோ வீட்டுக் காகிதம்தானே?"

சொல்லிவிட்டால் எடுத்துவிடுவான். அது அவளுக்குத் தெரியும், அப்படித்தான் அவள் நினைத்தாள். ஆனால் எடுக்க வேண்டுமென்றால் என்ன காகிதம் என்று சொல்ல வேண்டும். உன் நண்பனை ஒரு வருஷம் காக்க வைத்தேன் என்று, அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்.

"குழாய் சத்தம் அசிங்கமா இருக்கு" என்றாள்.

"அட, அதுவா!" யூபா முகம் மலர்ந்தான். "அதுதான் அக்கா அழகு."

வர்தியா எழுந்து மாவைத் தட்டப் போனாள். பேசாமல் இருந்ததை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

பதினோரு பாட்டுகள் வெளிவந்தன. பேர் 'சமையலறை'. இரண்டு மாதத்தில் டாக்ஸியில், முடிவெட்டுகிற கடையில், கடற்கரைப் பெஞ்சில், எங்கே பார்த்தாலும் மொக்ரான். உயிரோடு இருந்தபோது அவனை யாரென்று கேட்டவர்கள் இப்போது அவனோடு படித்தோம் என்றார்கள். சோதனைக்கு வராத ஃபெரூஜாவின் மகன் ஒருவன் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தான். ரத்தம் கழுவும் வார்டில் படுத்திருக்கிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள் என்று நர்ஸ் ஒருத்தி வந்து சொன்னாள். நல்ல செய்தி சொல்கிறோம் என்றுதான் சொன்னாள். அன்று வர்தியா இரண்டு கடைக்கு ரொட்டி போடவில்லை.

அந்தக் காகிதம் என்ன காகிதம் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஃப்ரான்ஸ் விசா என்றார்கள். காதல் கடிதம் என்றார்கள். கீழ்வீட்டு ஸஹ்வா படியில் வழிமறித்தாள்.

"ஏ வர்தியா, எனக்கு மட்டும் சொல்லு. விவாகரத்துக் காகிதம்தானே? பூஸாதை விட்டுட்டுப் போகப் பாத்தியா நீ?"

"ஆமா, உன்னைக் கட்டிக்கச் சொல்லிட்டுப் போகலாம்னு இருந்தேன்."

"எனக்கு எதுக்கு அந்த ஊமையன்! எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு கெடக்கு."

ஸஹ்வா சிரித்தாள். வர்தியாவும் சிரித்துவிட்டு மேலே ஏறினாள். பூஸாத் கதவுக்கு உள்ளே செருப்பு மாட்டியபடி நின்றுகொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது. அவளைத் தாண்டி வேலைக்குப் போனான். அந்த ஆறாவது பாட்டு எங்கே ஓடினாலும் பூஸாத் எழுந்து போய்விடுவான். அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வருஷம் திரும்பியபோது கலை மன்றத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம், நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். மேடையில் பாடகர் யாரும் இல்லை. ஒரு முக்காலி, அதன்மேல் மொக்ரானின் கித்தார், இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி. வர்தியாவை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பூஸாத் பின்னால் கதவோரம் நின்றான்.

ஆறாவது பாட்டு வந்தது. "அக்கா" என்றதும் அறையில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது. குழாய் கர்ரென்றது. சிலருக்கு உதடு அசைந்தது, அவனோடு சேர்ந்து சொன்னார்கள்: இன்னைக்குத் தண்ணி நாள் இல்லக்கா. பின்னால் யாரோ விசும்பினார்கள்.

முடிந்ததும் லிதியா என்ற கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்தாள். "எல்லாரும் காகிதத்தைப் பத்தியே பேசுறாங்க. எனக்கு அந்த மௌனம்தான் முக்கியம். அவ்வளவு அன்பு இருந்தாத்தான் அப்படிப் பேசாம இருக்க முடியும்" என்றாள். கைதட்டினார்கள்.

வர்தியா எழுந்தாள். ஒலிவாங்கியைக் கொண்டு வந்தார்கள், வாங்கவில்லை.

"அது அன்பு இல்லம்மா. பயம்" என்றாள். "அவனுக்கு என் கிட்னி பொருந்துச்சு. அது ஆஸ்பத்திரிக் காகிதம். கையெழுத்து மட்டும்தான் போடணும். பத்து மாசம் டப்பாவுக்குப் பின்னால வச்சிருந்தேன். அவன் கேட்டான். நான் குழாயைத் திறந்தேன். நீங்க கேக்குறது அதுதான். நான் அவனுக்கு இல்லன்னு சொன்னது."

வர்தியா காத்திருந்தாள். யாராவது எழுந்து அவளைத் திட்ட வேண்டும், தூ என்று துப்ப வேண்டும், அந்தப் பாட்டை இனி போடமாட்டோம் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவள் எழுந்தது.

லிதியா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அப்படியெல்லாம் நினைக்காதீங்க. எல்லா அக்காவும் தம்பி போனா இப்படித்தான் தன்னையே குத்தம் சொல்லிக்குவாங்க." கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து நின்றே கைதட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். அவளை விட உயரமான ஆட்கள் சுற்றி நின்று அவள் தலைக்கு மேலே கைதட்டினார்கள். ஒரு பையன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். வர்தியா கதவைப் பார்த்தாள். பூஸாத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே படியில் யூபா நின்றான். முகம் வெளிறியிருந்தது. அவன் ஒருத்தன்தான் நம்பினான்.

"அன்னைக்கு நான் வந்தப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா எடுத்திருப்பியா?"

கீழே தெருவில் ஒரு டாக்ஸி போயிற்று, இன்னொன்று போயிற்று. யூபா பொய் சொல்லத் தெரியாதவன்.

"இல்லக்கா" என்றான். "எடுத்திருக்கமாட்டேன்."

மறுநாளிலிருந்து வர்தியா மாவைத் தட்டுவதை விட்டுவிட்டாள். குழவிக் கட்டை ஒன்று வாங்கி, சத்தமில்லாமல் உருட்டினாள். ரொட்டி தடிமன் மாறி, ஓரம் விறைத்துப்போய் வந்தது. முதல் வாரத்தில் ஒரு கடைக்காரர் திருப்பி அனுப்பினார். இன்னொருவர் நேரிலேயே வந்தார். "பாட்டுல வர்ற ரொட்டிதான் வேணும்னு ஆளுங்க கேக்குறாங்க வர்தியா. அதைக் குடு, இது யாருக்கு வேணும்?" என்றார்.

கட்டையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினாள். பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே.

ஒரு செவ்வாய்க்கிழமை. தண்ணீர் இல்லாத நாள். அது அவளுக்குத் தெரியும். கல் காய்ந்து, முதல் ரொட்டியைப் போட்டுவிட்டு, கை மாவோடு போய்க் குழாயைத் திறந்தாள். கிறீச்சென்றது. காற்றை இழுத்தது. கர்ர் என்றது.

"தரேன்டா" என்றாள் வர்தியா.

குழாய் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு அடங்கிப் போயிற்று. அவள் அங்கேயே நின்றாள். பின்னால் ரொட்டி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. கல்லைப் பாரு என்று யாரும் சொல்லவில்லை.